தாளிலா, திரையிலா? காமிக்ஸ் படிக்கும் முன் புள்ளியை அளந்து பாருங்கள்

கையடக்க விளையாட்டுக் கருவியில் காமிக்ஸ் படிக்கலாமா என்று கேட்கும் நண்பர்களை, பதில் சொல்வதற்கு முன்பாக ஒரு ஸ்கேலை எடுத்து வரச் சொல்வது என் வழக்கம். ரங்கூனில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. சிவகாசியில் அச்சாகும் தமிழ்க் காமிக்ஸ் இதழ்கள் சென்னையிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் இடம் கிடைத்தால்தான் நம் கைக்கு வந்து சேரும். வந்து சேர்ந்த இதழையும் ஐந்து மாத மழை விட்டு வைப்பதில்லை. அதனால் இருப்பதையெல்லாம் படமெடுத்து ஒரு மெமரி கார்டில் அடைத்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் எந்தப் புத்தகத்தை எந்தத் திரையில், எந்த அளவில் படிப்பது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்கினால், ஒரு வாரத்தில் கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

கணக்கைத் தமிழ் எழுத்தின் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் என் அக்காள் மகன். பழைய கடையில் வாங்கிய, பிஎஸ்பி என்ற சோனியின் சிறிய விளையாட்டுக் கருவியில், வண்ண ஆல்பம் (பெரிய அளவுக் காமிக்ஸ் புத்தகம்) ஒன்றின் பக்கங்களை முழுப் பக்கமாகவே ஏற்றிக் கொடுத்திருந்தேன். அவன் பகலில் பர்மியப் பள்ளியிலும் மாலையில் கோயில் வகுப்பில் தமிழும் படிக்கிறவன். சற்று நேரம் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இவனுக்குப் பல போச்சுன்னு போட்டிருக்கே, பல என்ன போச்சு?" என்று கேட்டான். போனது பல். புள்ளி திரையில் விழவே இல்லை. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியிடாமல் எழுதிய சுவடிகளைப் படிப்பவரைப் போல, பழகிய நாம் இடம் பார்த்து ஊகித்துக் கொள்கிறோம்; கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஊகம் கிடையாது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை அளந்தே காட்டிவிடலாம். அந்த ஆல்பத்தின் பக்கம் 22 சென்டிமீட்டர் அகலமும் 29.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. பேச்சுக் குமிழிகளில் புள்ளியின் குறுக்களவு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பிஎஸ்பியின் திரை 4.3 அங்குலம், 480-க்கு 272 பிக்சல்கள். முழுப் பக்கத்தையும் 272 பிக்சல் உயரத்துக்குள் அடக்கும்போது தாளின் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல்கூடக் கிடைப்பதில்லை என்பதால், அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு அரைப் பிக்சலுக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது. அரைப் பிக்சலை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. சுற்றியுள்ள வெள்ளையோடு கலந்து மெல்லிய சாம்பல் நிறமாகிப் போகும். என் அனுபவத்தில் புள்ளிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும், மூன்று கிடைத்தால் நிம்மதியாகப் படிக்கலாம். இதையே நான் புள்ளிச் சோதனை என்று சொல்லி வருகிறேன்.

பர்மியக் காமிக்ஸ் படிப்பவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். வட்டத்தின் வாய் வலப்புறம் திறந்தால் ஓர் எழுத்து, மேலே திறந்தால் வேறோர் எழுத்து, கீழே திறந்தால் இன்னொன்று, மூடியே இருந்தால் மற்றொன்று என்று அமைந்த வரிவடிவம் அது; அந்த வாயின் இடைவெளி அடைபட்டால் நான்கும் ஒன்றாகிவிடும். பன்சொடான் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் இதழ்களைப் படமெடுக்கும்போது, புள்ளிக்குப் பதிலாக அந்த வாயை அளந்துகொள்ளுங்கள்.

எந்தக் கருவி

இப்போது வாங்கி இதற்குப் பயன்படுத்தக் கூடியவற்றில் ஏழு அங்குலத் திரையும், கோப்புகளை நாமே ஏற்றிக்கொள்ளும் சுதந்திரமும் உள்ள கருவிகளையே முதலில் பார்க்கச் சொல்வேன். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் அப்படிப்பட்டது: ஏழு அங்குலம், 1280-க்கு 800 பிக்சல்கள், உள்ளே இருப்பது லினக்ஸ் இயங்குதளம். ஆண்ட்ராய்டில் ஓடும் சிறிய சீனக் கருவிகளும் போதும், திரை ஐந்தரை அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால். நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாடுவதற்கு அருமையான கருவி என்றாலும், உள்ளே மாற்றம் செய்யாமல் நம் சொந்தக் கோப்பைத் திறந்து படிக்க அதில் வழி இல்லை. பிஎஸ்பிக்கென்றே 2009-இல் சோனி ஒரு டிஜிட்டல் காமிக்ஸ் கடையைத் திறந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்திக் காட்டிச் சின்னத் திரையின் குறையைச் சமாளித்தார்கள். 2012-இல் அதை மூடிவிட்டார்கள். கடையை நம்பிச் சேர்க்கும் நூலகம் கடையோடு போகும் என்பதற்காகவே, கோப்பு நம் கையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பழைய பிஎஸ்பி வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். மெமரி ஸ்டிக்கில் படங்களுக்கான கோப்புறையில் ஜேபெக் படங்களாக வைத்தால் அதன் சொந்தப் பட நோக்கியே காட்டும். ஆனால் பாதிப் பக்கம்கூட அதற்குப் பெரிது, புள்ளிக்கு ஒரு பிக்சல்தான் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமாக வெட்டிப் போட வேண்டும். நாளிதழில் வரும் மூன்று கட்டத் துணுக்குக்கு அது சரி, 48 பக்க ஆல்பத்துக்கு அந்த உழைப்பு வீண்.

பக்கம் அல்ல, பாதிப் பக்கம்

ஏழு அங்குலத் திரையை ஸ்கேல் வைத்து அளந்தால் அகலம் 15.1 சென்டிமீட்டர், உயரம் 9.4 சென்டிமீட்டர் வரும். நம் ஆல்பத்தின் முழுப் பக்கத்தையும் கிடைமட்டமாகப் பிடித்த திரையில் காட்டினால் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, இரு புறமும் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே அஞ்சல் அட்டையைவிடச் சிறிதாக நிற்கும். புள்ளிக்கு ஒன்றேகால் பிக்சலுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும், அது போதாது. பக்கத்தின் ஓர வெள்ளையை நீக்கினால் சித்திரம் மட்டும் 20-க்கு 27.5 சென்டிமீட்டர். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய 20-க்கு 13.75, திரையின் வடிவத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. இந்தப் பாதி, அச்சில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் திரையில் நிற்கும், புள்ளிக்கும் கிட்டத்தட்ட மூன்று பிக்சல் கிடைக்கும். பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு நான்கு வரிசைக் கட்டங்கள் என்பதால், வெட்டு இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவில் இயல்பாக விழும்.

வெட்டுவதற்குச் சோம்பல்பட்டு, படிக்கும் செயலியில் "அகலத்துக்குப் பொருத்து" என்று வைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அப்படி வைத்தால் ஒரு பக்கம் 2.2 திரைகளாகிறது, மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தும்போது ஒரு கீற்று மட்டும் மிஞ்சி வந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணைத் தடுக்கி விழச் செய்யும். ஒரு படி சிறிதாக்கி வைத்தால் சரியாக இரண்டு திரையில் அடங்கும். இந்த ஒரே திருத்தத்துக்காக நான் செலவழித்த மாலைகளை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வரிசைப் பக்கங்களுக்குக் கணக்கு வேறு. இத்தாலியில் போனெல்லி பதிப்பகம் நிலைப்படுத்திய கறுப்பு வெள்ளைப் புத்தகத்தின் அளவு 16-க்கு 21 சென்டிமீட்டர். பக்கத்துக்கு மூன்று வரிசை. இதைப் பாதியாக வெட்டினால் நடு வரிசைக் கதாநாயகனின் கழுத்தில் கத்தி விழும். எனவே கருவியைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள்: 9.4 சென்டிமீட்டர் அகலத்தில் முழுப் பக்கமும் அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அளவில் அடங்கி, புள்ளிக்கு இரண்டரைப் பிக்சல் கிடைக்கும். ஜப்பானிய மங்கா இன்னும் சிறிய தாளில் அச்சாவதால் செங்குத்துத் திரையில் மிக வசதியாக அமர்ந்துவிடும்; கையடக்கக் கருவிக்கென்றே பிறந்தது போல இருக்கும். வலமிருந்து இடமாகப் படிப்பதற்கான அமைப்பைச் செயலியில் மாற்றிக்கொள்ள மட்டும் மறக்க வேண்டாம்.

படமெடுப்பதும் அடுக்குவதும்

உங்கள் சொந்தப் புத்தகத்தை உங்கள் வாசிப்புக்காகப் படமெடுப்பதைப் பற்றியே இங்கே பேசுகிறேன். அதை ஊருக்கெல்லாம் அனுப்புவது, சின்னச் சந்தையை நம்பி இதழ் நடத்துகிறவர்களின் வயிற்றில் அடிப்பதாகும். ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவு போதும். நம் ஊரில் ஸ்கேனர் சூடாவதற்குள் மின்சாரம் போய்விடுகிறது என்பதால், முற்பகலில் ஜன்னலோரம் புத்தகத்தை வைத்து, போனை இரண்டு செங்கல்களுக்கு மேலே ஒரு பலகையில் நிறுத்தி எடுப்பதே எனக்குக் கைகொடுத்திருக்கிறது. மெல்லிய தாளில் பின்பக்கத்து மை ஊடுருவித் தெரியும். படமெடுக்கும் பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தைச் செருகினால் அது பெருமளவு அடங்கிவிடும். பழுப்பேறிய தாளைக் கணினியில் சுண்ணாம்பு வெள்ளையாக்க முயலாதீர்கள். பழுப்போடு மெல்லிய கோடுகளும் சேர்ந்து போகும், கூடவே புள்ளியும்.

எடுத்த படங்களுக்குப் பெயரிடும்போது 001, 002 என்று மூன்று இலக்கமாக இடுங்கள். நான் முதலில் 1, 2, 3 என்றே இட்டிருந்தேன். கருவி அகரவரிசைப்படி 1-க்கு அடுத்து 10-ஐயும் 11-ஐயும் காட்ட, பத்தொன்பதாம் பக்கத்தில் சுடப்பட்டுச் செத்தவன், அதற்கடுத்து வந்த 2-ஆம் பக்கத்தில் குதிரையேறி வந்தான். திகில் கதைதானே என்று இரண்டு நாள் சந்தேகமே படவில்லை. பெயரிட்ட படங்களை ஒரே ஜிப் கோப்பாக்கி, கோப்பின் பெயரில் ஜிப் (zip) என்ற கடைசி மூன்றெழுத்தை மாற்றிச் சிபிஇசட் (cbz) என்று எழுதினால் அது காமிக்ஸ் கோப்பாகிவிடும். இதில் வேறு மந்திரம் எதுவும் கிடையாது.

ஸ்டீம் டெக்கில் பவர் பட்டியலுக்குச் சென்று டெஸ்க்டாப் நிலைக்கு மாறி, டிஸ்கவர் என்ற மென்பொருள் கடையிலிருந்து காமிக்ஸ் படிப்பதற்கான எம்காமிக்ஸ் செயலியை நிறுவுங்கள். நிறுவியதை ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் பட்டியலில் சேர்த்துவிட்டால் விளையாட்டு நிலையிலேயே திறக்கலாம். அதில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் பக்கத்துக்குள் அடுத்த பகுதிக்கு நகர்ந்து, பக்கம் முடிந்ததும் தானே அடுத்த பக்கத்துக்குப் போகும். கட்டுப்பாட்டு அமைப்பில் அந்த விசையை வலத் தோள் பொத்தானுக்குக் கொடுத்துவிட்டால், ஒரே விரலில் புத்தகம் முழுவதையும் படித்துவிடலாம். ஆர் விசை பக்கத்தைத் திருப்பும். செங்குத்து வாசிப்புக்கு அது தேவைப்படும். ஆண்ட்ராய்டு கருவியில் பர்ஃபெக்ட் வியூவர் செயலி இதே வேலைகளைச் செய்யும், பக்கம் புரட்ட ஒலி கூட்டும் பொத்தானையே பயன்படுத்தலாம். ஸ்டீம் டெக் தன் வழியில் ஃபார்மேட் செய்த மெமரி கார்டை விண்டோஸ் கணினி படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து, கணினி கேட்கிறதே என்று மறுபடி ஃபார்மேட் செய்தால் நூலகம் மொத்தமும் போய்விடும்.

மின்சாரம் இல்லாத இரவு

திரை தாளை வெல்லும் இடம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். முறை வைத்து மின்சாரம் நிறுத்தப்படும் இரவில், மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணக் காமிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: நீலமும் பச்சையும் ஒன்றாகிவிடும், கன்னத்தில் சூடு ஏறும், கொசு வேறு. கருவிக்குத் தன் ஒளி உண்டு. ஆனால் அதன் மின்கலத்தைக் கணக்காகச் செலவிட வேண்டும். ஸ்டீம் டெக்கின் முதல் வகையில் மின்கலம் 40 வாட்-மணி. விளையாட்டுக்கு ஓடும் வேகத்திலேயே விட்டுவைத்தால் காமிக்ஸ் பக்கம் சும்மா நிற்கும்போதும் அது வீணாகும். மூன்று புள்ளி பொத்தானை அழுத்தி, செயற்பாட்டுப் பகுதியில் திரையின் புதுப்பிப்பை 40 ஹெர்ட்ஸுக்கும் சக்தி வரம்பை 3 வாட்டுக்கும் குறைத்துவிடுங்கள். திரை உட்பட மொத்தம் 7 வாட் இழுத்தால், ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். 20,000 மில்லியாம்பியர்-மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்க் உண்மையில் 74 வாட்-மணி; வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு முழு நிரப்பலுக்கு மேல் தரும். டைப் சி வழியாக வேகமாகக் கொடுக்கும் வகையாக அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செலவாகும் வேகத்துக்கு ஏற்றம் ஈடுகொடுக்காது. தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ" (மின்சாரம் வந்துவிட்டது) என்று பர்மிய மொழியில் கத்தியதும் முதலில் பவர் பேங்கைச் செருகுங்கள், பிறகு மின்விசிறியைப் போடுங்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 669 கிராம் கருவியை மல்லாந்து படுத்தபடி முகத்துக்கு மேலே பிடித்துப் படிப்பது நல்ல யோசனை அல்ல. மூக்கில் விழுந்தால்தான் புரியும் என்பவர்களைத் தடுக்க நான் யார்?

தாளிலேயே படிக்க வேண்டியவை

பாதிப் பக்க வாசிப்பில் ஒரு லாபம் உண்டு: கீழ்ப் பாதியில் நடக்கப்போவதைக் கண் முன்கூட்டியே திருட முடியாது. தாளில் பக்கத்தைத் திறந்ததுமே கண் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் முதல் கட்டத்துக்கு வரும். ஆனால் ஓவியர் அந்தச் சுற்றுக்காகவே பக்கத்தை அமைத்திருந்தால் திரையில் அது செத்துப்போகிறது. பக்கத்தின் உயரம் முழுவதும் நீளும் ஒற்றைக் கட்டம், மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை விழும் மனிதன், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் பரவிய போர்க்களம் ஆகியவற்றை வெட்டவே கூடாது. இரட்டைப் பக்கச் சித்திரம் ஏழு அங்குலத் திரையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், குதிரைகள் எறும்புகளாகும். நான் ஒரு புத்தகத்தைப் படமெடுக்கும் முன் வேகமாகப் புரட்டி, இப்படிப்பட்ட பக்கங்கள் நாலைந்துக்கு மேல் இருந்தால் அதைத் தாளுக்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் தொடங்கி வைத்த வாசிப்பில் வளர்ந்தவர்கள் வீட்டில் சிறிய அளவுப் பழைய இதழ்கள் இருக்கும். வரிசை ஒழுங்காகக் கட்டங்கள் அமைந்த அவை திரைக்கு ஒத்துவரும். பெரிய அளவு வண்ண ஆல்பங்களை வாங்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

அப்படி ஒதுக்கிய தாள் புத்தகத்தை மழையிலிருந்து காப்பது தனி வேலை. அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். சுவர் குடித்த தண்ணீரை முதுகுத் தாள் குடித்துவிடும். புத்தகங்களை நிமிர்த்தி வைத்து, இறுக அடைக்காமல் இடையில் காற்றுப் போக விடுங்கள். பின் அடித்த இதழில் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும் என்பதால், மதிப்புள்ள இதழ்களில் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்து, அதே துளையில் வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுவேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்டுவது மழைக்காலத்தில் ஆபத்து: உள்ளே போன ஈரம் வெளியே வராது, புரட்டாசிக்குள் பூஞ்சை பூத்துவிடும். உறை வேண்டுமென்றால் வாயைத் திறந்தே வைத்து, மருந்துக் குப்பிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பூச்சி போகிறதோ இல்லையோ, மாதம் ஒரு முறை இலையை மாற்றுவதற்காகப் புத்தகத்தைத் திறக்கிறோம், அந்தக் காற்றே பாதி மருந்து. மார்கழி வெயிலில் ஒரு நாள் நிழலோரமாக எல்லாவற்றையும் விரித்து வைத்து எடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் அட்டையின் சிவப்புதான் முதலில் வெளிறும்.